சோதனையில் சிக்காத புகை

ஓய்வுபெற்ற தாதியிடம் ஊர் என்னென்ன கேட்கும் என்று வேலையில் இருந்தபோது எனக்குத் தெரியாது. சர்க்கரைக்கு என்ன சாப்பிடலாம், கால் வீக்கத்துக்கு எந்த டாக்டர் நல்லவர் என்று கேட்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது ஈப்போவில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தாலும், மீன் வண்டியருகே நின்றாலும், ஒரே கேள்விதான் வருகிறது: “மிஸ்ஸி, கஞ்சாவ மருந்தா விடப் போறாங்களாமே, நெசமாவா?” கேட்பவர்களில் சிலர் முகத்தில் பயம், சிலர் முகத்தில் ஆசை. என் நாத்தனார் இன்னும் ஒருபடி மேலே போய், முட்டிவலிக்கென்று கைப்பேசியில் யாரோ விற்ற எண்ணெய்ப் புட்டியை என் முன்னால் வைத்தார். “நாக்குக்கு அடியில விடணுமாம்லா. விடலாமா?” புட்டியின் மேல் ஓர் இலைப் படம் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. வேண்டாம் என்றேன். அவருக்கு என் மேல் வருத்தம்தான்.

சென்ற மாதம் கலைச்செல்வி தொலைபேசியில் அழைத்தாள். என்னோடு பல ஆண்டுகள் வேலை செய்தவள். நான் இருந்த மனநல வார்டுக்கு இன்று அவள்தான் பொறுப்பு. “அக்கா, புதுசா வந்த புள்ளைங்க கஞ்சா கேஸுன்னா மூஞ்ச சுளிக்குதுங்க. ஒருவாட்டி வந்து பேசுங்களேன்” என்றாள். போனேன். மூளைச் செல், ஏற்பி என்று திரையில் படம் காட்டி முடிப்பதற்குள் கொடுத்த நேரம் போய்விட்டது. சொல்ல நினைத்த மனிதர்களைச் சொல்ல முடியவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்ததும் தாதியர் பயிற்சிக்குப் போனேன். அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விரிப்பின் மூலையைச் சரியாக மடிக்காததற்குத் திட்டு வாங்கினேன், காலணிக்கு வெள்ளை அடித்தேன், அம்மாவை நினைத்து அழுதேன். பயிற்சி முடிந்ததும் பேராக் மாநிலத்திலேயே ஒரு மருத்துவமனையின் மனநல வார்டுக்கு என் பெயரை எழுதிவிட்டார்கள். அப்போது அங்கே யாரும் விரும்பிப் போவதில்லை. எங்கள் பக்கத்தில், பெரிய மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரைச் சொன்னாலே அது ஒரு வசவு. ஒரு வருடத்தில் மாற்றல் கேட்டுவிடலாம் என்று போனவள், ஓய்வுபெறும்வரை அந்த வேலையை விடவில்லை.

அந்த ஆரம்ப நாள்களில் எங்களுக்குப் பெரிய பயம் ஹெராயின்தான். அந்த ஆட்களுக்கு அளவு மீறினால் மூச்சு மெதுவாகிக்கொண்டே போய் நின்றுவிடும். கஞ்சா ஆட்கள் வேறு மாதிரி. சிரிப்பார்கள், பயப்படுவார்கள், யாரோ துரத்துகிறார்கள் என்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வார்கள், ஆனால் மூச்சு நிற்காது. ஏன் இந்த வித்தியாசம் என்று நான் கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. கஞ்சா மூளையில் எங்கே போய் உட்காருகிறது என்பதே உலகத்துக்கு அப்போது சரியாகத் தெரியாது. “புகைச்சான், கெட்டான்” என்பதோடு எங்கள் மருத்துவம் முடிந்துவிடும்.

இதை மாற்றியவர் டாக்டர் நூர்ஜஹான். ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். வெளிநாட்டில் மனநல மருத்துவம் படித்துவிட்டு எங்கள் வார்டுக்குத் தலைவராக வந்தார். சின்ன உருவம். சத்தம் போட்டுப் பேசியே நான் பார்த்ததில்லை.

புதிய நோயாளி கொந்தளிப்போடு வந்தால் அவர் செய்வது எல்லாம் ஒரே ஒழுங்கில் நடக்கும். முதலில் அறையின் கதவைத் திறந்து வைக்கச் சொல்வார். நோயாளிக்கும் கதவுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது, வழி அடைபட்டதாக அவருக்குத் தோன்றிவிடும் என்பார். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். குட்டை ஸ்டூல் ஒன்றை இழுத்து, நோயாளியின் கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி உட்காருவார். பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் கொடுப்பார். “என் பேரு நூர்ஜஹான். உங்களப் பாத்துக்கப் போற டாக்டர். கடைசியா எப்ப நல்லா தூங்குனீங்க?” இதுதான் எப்போதும் முதல் கேள்வி. என்ன சாப்பிட்டாய், என்ன புகைத்தாய் என்பதெல்லாம் பிறகுதான். தூக்கத்தைப் பற்றிக் கேட்டவுடன் அழுதுவிட்ட முரட்டு ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எத்தனையோ நாளாக யாரும் அவர்களிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவருக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. ஷிப்ட் மாறி நோயாளிகளை ஒப்படைக்கும்போது யாராவது “மூணாம் கட்டில் கஞ்சாக்காரன்” என்று சொன்னால் நிறுத்திவிடுவார். “அவருக்கு அம்மா அப்பா ஒரு பேரு வச்சிருப்பாங்களே, அது என்ன?” பெயரைச் சொல்லும்வரை அடுத்த கட்டிலுக்கு நகரமாட்டார்.

ஹெராயினுக்கும் கஞ்சாவுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குச் சொன்னதும் அவர்தான். மூச்சை நடத்தும் பகுதி மூளையின் அடித்தண்டில் இருக்கிறது. கஞ்சா போய் உட்காரும் ஏற்பிகள் மூளை முழுவதும் ஏராளமாக இருந்தாலும், அந்தப் பகுதியில் மட்டும் குறைவு. அதனால்தான் மூச்சு தப்பித்துக்கொள்கிறது. எத்தனையோ வருடம் மனத்தில் கிடந்த கேள்விக்கு அவர் ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிக்கும் நேரத்தில் பதில் சொல்லிவிட்டார்.

அவரோடு பார்த்தவர்களில் ஆரோக்கியம் மறக்க முடியாதவர். பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தார். மாதக்கணக்கில் வாந்தி. ஆளே பாதியாகிவிட்டார். வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. மனக்கோளாறாக இருக்கும் என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அவர் மனைவி வெட்கத்தோடு சொன்னார்: “எந்நேரமும் பாத்ரூம்லதான் கெடக்குறாரு டாக்டர். குளிச்சிக்கிட்டே இருக்காரு. எங்க மாமியா, எவனோ செய்வின வச்சிட்டான்னு சொல்றாங்க.”

டாக்டர் ஆரோக்கியத்தின் பக்கம் திரும்பினார். “பச்சத் தண்ணியா, சுடுதண்ணியா?”

“சுடுதண்ணி. கொதிக்கக் கொதிக்க ஊத்துனாத்தான் கொமட்டல் நிக்குது.”

“அண்ணே, கஞ்சா எத்தன வருசமா?”

ஆரோக்கியம் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு அது தெரியாது என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. “கல்யாணத்துக்கு முன்னாலேருந்தே” என்றார். வாந்தியை அடக்குவதற்காகவே இன்னும் அதிகமாகப் புகைத்தாராம். பலருக்கு வாந்தியை அடக்கும் அதே பொருள், வருடக்கணக்காகப் புகைப்பவர்களில் சிலருக்கு வாந்தியைத் தூண்டிவிடும் என்று டாக்டர் விளக்கினார். மூளையிலும் குடலிலும் இருக்கும் ஏற்பிகள் ஓயாமல் அழுத்தப்பட்டுத் தடுமாறிப் போவதால் இருக்கலாம், முழுக் காரணம் இன்னும் பிடிபடவில்லை என்றும் சொன்னார். ஆரோக்கியம் கஞ்சாவை விட்டார், வாந்தி நின்றது. அடுத்த முறை வந்தபோது சட்டை உடம்பில் நின்றது. அவர் மனைவி எனக்கு இளநீர்க் குலை ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். “செய்வினைன்னு நெனச்சி எத்தன எடத்துக்கு அலைஞ்சோம் மிஸ்ஸி” என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

எல்லாக் கதையும் இளநீரில் முடிவதில்லை.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு சரவணன் வந்தான். சிலிம் ரிவர் பக்கத்து ஆள், இருபத்தேழு வயது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினான். அன்று காலை ஓடிக்கொண்டிருந்த லாரியைச் சாலை நடுவில் நிறுத்திவிட்டு, இறங்கி, செம்பனைக் காட்டுக்குள் நடந்து போயிருக்கிறான். காபினுக்குள் மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு, அவன் மனைவியின் வயிற்றில் இருக்கும் பிள்ளையைக் கேட்டார்களாம். அவன் காட்டுக்குள் போனால் அவர்களும் இறங்கிப் பின்னால் வருவார்கள், வீடு தப்பிக்கும் என்று நினைத்திருக்கிறான்.

அவனோடு வந்தவர்கள் இரண்டு பேர். மனைவி தேவி, ஐந்து மாதக் கர்ப்பிணி. அப்பா முனியாண்டி, தோட்டத்தில் பால்மரம் வெட்டி, தோட்டம் செம்பனையாக மாறியபோது குலை வெட்டி, முதுகு போனதும் வீட்டில் இருந்தவர். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “என் மவன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவீங்களா மிஸ்ஸி?”

“இங்கயே பாக்கலாம் அண்ணே. முதல்ல தூங்கட்டும்” என்றேன்.

நெஞ்சு படபடவென்று அடித்தது. கண் சிவந்திருந்தது. எல்லோரும் கஞ்சா என்றுதான் நினைத்தோம். சிறுநீர்ச் சோதனை செய்தோம். கஞ்சா இல்லை. ஹெராயின், சியாபு என்கிற ஐஸ் போதைப்பொருள், எதுவும் இல்லை. இரத்தம், தலை ஸ்கேன் எல்லாம் சுத்தம். முனியாண்டியின் முகத்தில் அன்றுதான் வெளிச்சத்தைப் பார்த்தேன். “நான்தான் சொன்னேன்ல, என் மவன் அந்தப் பழக்கத்துக்கெல்லாம் போவ மாட்டான். வேப்பு, அந்த மின் சிகரெட்டு, அது மட்டும்தான் இழுப்பான்.”

டாக்டர் நூர்ஜஹான் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “அந்தச் சோதனை கஞ்சாவத்தான் தேடும் பிலோமினா. கஞ்சா மாதிரியே வேலை செய்யுற, ஆனா கஞ்சா இல்லாத சாமான் எத்தனையோ வந்திருச்சி. அதையெல்லாம் அதுக்குத் தெரியாது” என்று என்னிடம் சொன்னார். குடும்பத்திடமும் சொன்னார். ஆனால் கையில் ஆதாரம் இல்லாமல் சந்தேகம் என்றுதான் சொல்ல முடிந்தது. அப்பா காதில் விழுந்தது ‘சுத்தம்’ என்ற சொல் மட்டுமே.

மருந்து கொடுத்ததில் காபினுக்குள் வந்த அந்த மூன்று பேரும் மெல்ல மெல்லத் தூரமாகப் போனார்கள். ஒருநாள் காலை, “இப்ப ஒருத்தன்தான் இருக்கான், அவனும் வெளியில நிக்கிறான்” என்றான் சரவணன். நாங்கள் மூச்சு விட்டோம். ஆனால் குரல்கள் அடங்க அடங்க வேறொன்று தொடங்கியது. படுக்கை நனையும்படி வேர்த்தது. சோற்றைக் கண்டால் தள்ளினான். சட்டென்று கோபம். அடுத்த நிமிடம் அழுகை. தூங்க முடியாமல் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டான். தேவி கையைப் பிடித்தபோது உதறிய வேகத்தில் அவள் நாற்காலியோடு சாய்ந்தாள். நல்லவேளை, நான் பின்னால் நின்றிருந்தேன். அன்றைக்கே அவள் பிடோரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

முனியாண்டி மட்டும் தினமும் பஸ் பிடித்து வந்தார். மகன் கெஞ்சுவதும் அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதும் எங்களுக்குத் தெரிந்தது. என்ன கெஞ்சினான் என்பதுதான் தெரியவில்லை.

ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரம் முடியும் தறுவாயில், குளியலறைப் பக்கம் ஏதோ விழும் சத்தம் கேட்டது. ஓடினேன். சரவணன் தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்தான். வாயோரம் நுரை. காற்றில் மாம்பழ வாசனை. பக்கத்தில் வேப் கருவி உருண்டு கிடந்தது.

இந்த இடத்தில் என் கைகள் தானாகவே வேலை செய்தன. தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்தேன். வாளியையும் ஸ்டூலையும் காலால் தள்ளினேன். அவனை இடப்பக்கமாகத் திருப்பி, நுரை வெளியே வழியும்படி முகத்தைச் சாய்த்தேன். வாய்க்குள் எதையும் வைக்கவில்லை. கையைக் காலை அழுத்திப் பிடிக்கவும் இல்லை. கலைச்செல்வி ஆக்சிஜனோடும் ஊசி மருந்தோடும் வந்தாள். அதற்குள் முனியாண்டி என்னை மோதிக்கொண்டு உள்ளே நுழைந்து, வீட்டுச் சாவிக்கொத்தை மகனின் விரல்களுக்குள் திணிக்கப் பார்த்தார். “இரும்பக் குடுங்க, இரும்பக் குடுங்க” என்று கத்தினார். நான் தடுக்கவில்லை. அவர் கையில் ஏதாவது வேலை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊசி இறங்கியதும் வலிப்பு தளர்ந்தது. மூச்சு சீரானது. சரவணனைக் கட்டிலுக்குக் கொண்டுபோன பிறகு பார்த்தால், முனியாண்டி குளியலறை வாசலில் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார்.

“நான்தான் கொண்டாந்தேன் மிஸ்ஸி.”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“அந்த வேப்ப. அவன் அலமாரியில இருந்திச்சி. ரொட்டிப் பையில வச்சிக் கொண்டாந்தேன். ஒரே ஒரு இழுப்புப்பான்னு கால்ல விழுந்து அழுதான். எப்பிடி மிஸ்ஸி பாத்துக்கிட்டு இருக்கறது? நானும் ஒரு காலத்துல சம்சு குடிச்சவன். கை நடுங்கும்போது என் பொஞ்சாதி ஒரு மடக்கு ஊத்திக் குடுப்பா. உடனே நிக்கும். அது மாதிரிதான்னு நெனச்சேன். யூரின்ல ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவர் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தேன்.

விதிப்படி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். கருவியில் மிச்சமிருந்த திரவம் சோதனைக்குப் போனது. கஞ்சாவைப் போல வேலை செய்யும் செயற்கைக் கன்னாபினாய்டு என்று பதில் வந்தது. முனியாண்டியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் தானும் கூடப் போனார். சிறுநீரில் எதுவும் தெரியவில்லை என்ற முடிவை அந்தக் குடும்பத்துக்குச் சொன்னது நாங்கள்தான் என்பதை எடுத்துச் சொன்னார். முனியாண்டியின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் தேவியையும் வரவழைத்தோம். வார்டு ஓரத்துச் சிறிய அறையில் நால்வரும் உட்கார்ந்தோம். தேவி மாமனாரைப் பார்க்கவே இல்லை. “ஏன் மாமா?” என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் தன் வழக்கப்படி குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அண்ணே, நீங்க செஞ்சது பாசத்துலதான். ஆனா சம்சு வேற, இது வேற. ஏன்னு சொல்லட்டா? எங்க அத்தா கடையில வாழையிலையில சாப்பாடு போடுவாங்க. கறி வாளிய எடுத்துக்கிட்டு ஆள் வருவாரு. உங்களுக்குப் போதும்னா என்ன பண்ணுவீங்க?”

முனியாண்டி தன்னையறியாமல் உள்ளங்கையை மேசைக்கு மேல் கவிழ்த்துக் காட்டினார்.

“அதேதான். மூளையில ஒரு செல்லு ஊத்தும், பக்கத்து செல்லு வாங்கிக்கும். வாங்குற செல்லுக்கு அளவு மீறிப்போனா, அது தன் மேல்தோல்லேருந்தே ஒரு கொழுப்புச் சாமானைச் செஞ்சி, வந்த வழியிலயே திருப்பி அனுப்பும். அதுதான் நீங்க காட்டுன கை. ஊத்துற செல்லு மேல அந்தக் கையப் பாக்குறதுக்குன்னே ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேரு கன்னாபினாய்டு ஏற்பி. பாத்ததும் ஊத்துறது கொறையும். அப்புறம் அந்தக் கை கரைஞ்சி போயிரும். நம்ம எல்லாரு தலைக்குள்ளயும் இது நடந்துக்கிட்டேதான் இருக்கு.”

“அப்ப கஞ்சா?” என்று கேட்டாள் தேவி.

“யாரோ ஒருத்தன் கடைக்குள்ள பூந்து, எல்லா இலைக்கு மேலயும் கைய நீட்டிக்கிட்டு நகராம நிக்கிற மாதிரி. பசிச்சவனுக்கும் போதும், வயிறு நெறஞ்சவனுக்கும் போதும். கறி ஊத்துறவரும் நிப்பாரு, மோர் ஊத்துறவரும் நிப்பாரு. கறி நின்னா மனுசன் அமைதியாவான். மோர் நின்னா எரிச்சல் தலைக்கேறும். அதனாலதான் ஒரே புகை ஒருத்தனத் தூங்க வைக்குது, இன்னொருத்தன அலற வைக்குது. கஞ்சாவாவது அந்த ஏற்பிய அரையும் கொறையுமா அழுத்தும். இந்த வேப்புல இருந்தது எவனோ கலந்த செயற்கைச் சாமான். முழு பலத்தோட அழுத்தும். எவ்வளவு கலந்தான்னு கலந்தவனுக்கே தெரியாது. அன்னைக்கு வலிப்பு வந்தது அதனாலதான்.”

“அப்ப வேர்த்தது, அடிக்க வந்தது?”

“தெனமும் ஒருத்தன் கைய நீட்டிக்கிட்டே இருந்தா, ஊத்துறவரு என்ன செய்வாரு? கையப் பாக்குறதையே விட்டுருவாரு. ஏற்பிங்க உள்ள போயி ஒளிஞ்சிக்கும். திடீர்னு புகைய நிறுத்துனா, மூளை நெசமாவே போதும்னு சொன்னாலும் அதக் கேக்க ஆள் இருக்காது. அந்தத் தவிப்பத்தான் நீங்க பாத்தீங்க. அது அவன் கொணம் இல்லம்மா. ஏற்பிங்க திரும்பி வரும். ஒரு மாசம் போல ஆவும். அதுவரைக்கும் தாங்கணும். அவனும் தாங்கணும், நீங்களும் தாங்கணும்.”

தேவி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். “அந்தக் கொரல் இதனாலதான் வந்திச்சா, இல்ல ஏற்கெனவே அவருக்குள்ள இருந்திச்சா டாக்டர்? இதுக்கும் வருமா?”

எந்த டாக்டருக்கும் கடினமான கேள்வி. “எனக்குத் தெரியாதும்மா” என்றார் அவர். “நெறைய பேரு இழுக்குறாங்க, கொஞ்ச பேருக்குத்தான் இப்பிடி ஆவுது. யாருக்கு ஆவும்னு முன்னாலயே சொல்ல இன்னும் வழியில்ல. அவருக்குள்ள சின்னதா ஒரு கதவு ஏற்கெனவே திறந்திருக்கலாம். இது அதப் பிடிச்சித் தள்ளியிருக்கலாம். புள்ளைக்கு வரும்னு நான் சொல்ல மாட்டேன், வராதுன்னும் சொல்ல மாட்டேன். புகை இல்லாத வீட்டுல வளரட்டும். அது நம்ம கையில இருக்கு.”

பொய்யாக ஓர் ஆறுதல் சொல்லியிருந்தால் தேவி அன்றே எழுந்து போயிருப்பாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தெரியாது என்று சொன்னதால் உட்கார்ந்திருந்தாள்.

நினைவு தெளிந்த பிறகு சரவணன் தானாகவே சொன்னான். லாரி ஓட்டுநர்களுக்கு அடிக்கடி சிறுநீர்ச் சோதனை நடக்குமாம். அவனுக்கு முன்பு எப்போதாவது கஞ்சாப் பழக்கம் இருந்திருக்கிறது. வேலை போய்விடும் என்று பயந்து விட்டுவிட்டான். கூட ஓட்டுகிற ஒருவன், “இது டெஸ்ட்ல மாட்டாது மச்சான், சும்மா வேப்புதான்” என்று சின்னக் குப்பி ஒன்றைக் கொடுத்திருக்கிறான். “மாட்டாதுன்னா ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சிட்டேன் மிஸ்ஸி” என்றான். அப்பாவும் மகனும் ஒரே முடிவுக்குத் தனித்தனி வழியில் வந்து சேர்ந்திருந்தார்கள்.

அடுத்த வாரங்கள் கடினமானவை. முனியாண்டி வருவதை நிறுத்தவில்லை. உள்ளே வரும்முன் தன் பையைத் தானே திறந்து காட்டுவார். நாங்கள் கேட்காமலே காட்டுவார். மகன் கெஞ்சும்போது, “இல்லப்பா, இந்தவாட்டி இல்ல” என்று சொல்லிவிட்டு அவன் முதுகைத் தடவிக்கொண்டிருப்பார். சில நாள் சரவணன் அவர் கையைத் தட்டிவிடுவான். மறுபடியும் வைப்பார். தேவி முதலில் வாரம் ஒருமுறை வந்தாள், பிறகு அடிக்கடி வந்தாள். ஒருநாள் மாமனாருக்கும் சேர்த்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்து, அவர் மடியில் வைத்தாள். முனியாண்டி அதைப் பிரிக்காமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

தூக்கம் திரும்பியது. பசி திரும்பியது. வெளியில் நின்ற அந்த ஒருவன் மட்டும் முழுதாகப் போகவில்லை. மாதம் ஒரு ஊசி என்று எழுதி, லாரி ஓட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினோம். அதைக் கேட்டபோது சரவணன் அழவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

என் நாத்தனாருக்குப் புட்டி வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் கஞ்சாவின் மேல் உள்ள வெறுப்பல்ல. அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள், வேறு எதற்கும் அடங்காத சில குழந்தைகளின் வலிப்பை வெளிநாடுகளில் அடக்குகிறது என்பது எனக்குத் தெரியும். நல்லது. மருந்தாக வந்தால் அளவோடு, டாக்டர் கையால் வரட்டும். மூளைக்குள் நடப்பது அவ்வளவு நுட்பமான கொடுக்கல் வாங்கல். அதில் கைவைப்பவர் எதை, எவ்வளவு வைக்கிறார் என்றாவது தெரிந்திருக்க வேண்டும். புதுப் பிள்ளைகள் முகம் சுளிப்பதைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: கட்டிலில் கிடப்பவர் எதையோ மறக்க, எதையோ தாங்க, அல்லது வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அதைத் தொட்டிருப்பார். அவருடைய பெயரைக் கேளுங்கள்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக சிலிம் ரிவர் போயிருந்தேன். மண்டப வாசலில் யாரோ “மிஸ்ஸி!” என்று கூப்பிட்டார்கள். சரவணன். கொஞ்சம் பருத்திருந்தான். டயர் கடையில் வேலையாம், விரல் நகங்களில் கறுப்பு. முனியாண்டி உள்ளே பந்தியில் இருப்பதாகவும், தேவி மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்ய உதவுவதாகவும் சொன்னான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு பாவாடை சட்டை போட்ட ஒரு சிறுமி நின்றிருந்தாள். நிற்கவில்லை, பேசிக்கொண்டிருந்தாள். மண்டப விளக்கு, ஐஸ்கிரீம், தன் செருப்பு, யாருடைய பாட்டியோ விட்ட ஏப்பம் என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் பற்றி.

“ஊசி போடுறியா?” என்று கேட்டேன்.

“தவறாம போடுறேன் மிஸ்ஸி.”

“வெளியில நின்ன அந்த ஆள்?”

சரவணன் மகளின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்தான். “இருக்கான். எப்பவாச்சும் பேசுவான். ஆனா இவ பேச ஆரம்பிச்சான்னா அவன் வாய மூடிக்குவான்.”

சிறுமி சட்டென்று பேச்சை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். “யாருப்பா வாய மூடிக்குவாங்க?”

“ஒரு ஆளும்மா. நீ சொல்லு. செருப்புக்கு என்னாச்சி?”

அவள் மறுபடி தொடங்கினாள். அவன் குனிந்து, ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.